கலியாண ரோஸ்ற்றுக்கு 350 ஷாம்பெயின் கிளாஸ்: வாங்கிறதோ, வாடகைக்கு எடுக்கிறதோ?

பாசையூர் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். தை மாசக் கடைசியில என்ர தங்கச்சிக்குக் கலியாணம். பூசை பாசையூர் அந்தோனியார் கோயில்ல, பின்னேர விருந்து யாழ்ப்பாண ரவுணுக்குள்ள ஒரு மண்டபத்தில. மாப்பிள்ளை ஆக்கள் பிரான்ஸில இருந்து வருகினம். நல்ல சனம், குறை சொல்லேலாது. கேக் வெட்டி முடிய எல்லாரும் எழும்பி நிண்டு ரோஸ்ற் பண்ணவேணும், அதுதான் கிளாஸைத் தூக்கி வாழ்த்திக் குடிக்கவேணும் எண்டு அவைக்கு ஆசை. ஷாம்பெயின் ஆறு போத்தல் கொண்டுவருவினமாம், மிச்சத்துக்கு இங்க கிடைக்கிற ஸ்பார்க்ளிங் வைன் வாங்கித் தருவினமாம். கிளாஸ் எங்கட பொறுப்பு.

350 பேர், 35 மேசை. குடிக்கிற ஆக்கள் எண்டு பாத்தால் 140 பேர் வரும். மிச்சம் சின்னப்பிள்ளையள், அம்மம்மாக்கள், சிஸ்டர்மார், குடிக்காத ஆக்கள். அப்பா கடற்தொழில். ஒவ்வொரு செலவையும் கொப்பியில எழுதிக் கூட்டிப் பாக்கிறார். அந்தக் கொப்பியில இன்னொரு பெரிய இலக்கம் ஏறக்கூடாது எண்டுதான் நான் ஓடித்திரியிறன்.

இவ்வளவு நாளும் விசாரிச்சதைச் சொல்லுறன். கொழும்பு புறக்கோட்டையில நீட்டு ஷாம்பெயின் கிளாஸ் ஒண்டு 480 ரூபா சொன்னவை. 350 எண்டால் 1,68,000. லொறிக் கூலி வேற, உடைஞ்சால் எங்கட தலையில. இங்க ஒரு வாடகைக் கடையில அதே மாதிரிக் கிளாஸ் ஒண்டுக்கு 70 ரூபா, உடைஞ்சால் 600. ஆனால் அவையிட்ட 120 தான் இருக்காம். மிச்சத்துக்கு இன்னொரு கடை தேடவேணும், அப்ப ரெண்டு விதமாத் தெரியும். மாதிரிக்கு ஒண்டு எடுத்துக் காட்டினவை. கழுவினது எண்டு சொன்னவை, ஆனால் வெளிச்சத்தில பிடிக்க உள்ளுக்கு வெள்ளையாப் பனிப்புகார் மாதிரிக் கிடந்தது. சின்ன வைன் கிளாஸ் எண்டால் 400 மட்டில கிடக்கு, ஒண்டு 40 ரூபாவுக்குத் தரலாம் எண்டும் சொன்னவை. அது ஷாம்பெயினுக்குச் சரிவருமோ எண்டு எனக்குத் தெரியேல்லை.

அம்மாவுக்கு அந்தப் பழைய படங்களில வாற வாய் அகண்ட கிளாஸ்தான் விருப்பம். தம்பி சொல்லுறான், பத்து நிமிச அலுவலுக்கு பிளாஸ்ரிக் போதும் எண்டு. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ. எது எடுக்கிறது, எத்தனை எடுக்கிறது, குடிக்காத ஆக்களுக்கு என்ன குடுக்கிறது?


ஸ்காபறோ மாமி:

தங்கச்சி, முதல்ல வாழ்த்துக்கள். நாங்கள் போன வருசம் இங்க மகளின்ர வரவேற்புக்கு பிளாஸ்ரிக்தான் எடுத்தனாங்கள். பாத்தால் கண்ணாடி மாதிரியே இருக்கும், காலைத் தனியாப் பூட்டுறது. கழுவுற வேலையே இல்லை, ஒரு பையில கொட்டிக் கட்டிப்போட்டு வீட்ட வந்திட்டம். வாற ஆக்களிட்டச் சொன்னால் ஒரு பெட்டியில 100 கொண்டுவருவினம். பாரமும் இல்லை. யோசிச்சுப் பாருங்கோ.


கந்தர்மடம் சாமான்காரர்:

அக்கா சொன்னது கனடாவுக்குச் சரி. இங்க 2023 ஒக்ரோபர் 1 தொடக்கம் ஒருக்காப் பாவிச்சு எறியிற பிளாஸ்ரிக் கப், கோப்பை, கரண்டி, ஸ்ரோ எல்லாம் செய்யிறதும் விக்கிறதும் தடை. யோகட் கப் மட்டும்தான் விட்டவை. மண்டபக்காரர் சிலபேர் உள்ளுக்கே விடமாட்டினம்.

நான் கதிரை, மேசை, பாத்திரம் வாடகைக்குக் குடுக்கிற தொழில் செய்யிறன், ஆனால் தங்கச்சி கேட்ட கடை என்ர இல்லை, அதால மனம்விட்டுச் சொல்லுறன். வாடகைக்கு எடுங்கோ. எடுக்கேக்க ஒவ்வொரு கிளாஸின்ர விளிம்பையும் விரலால தடவிப் பாருங்கோ. ஏற்கனவே சின்னதா உடைஞ்சு கிடக்கிறதுக்கும் பேந்து நீங்கள்தான் காசு கட்டவேண்டி வரும். பெட்டிக்கு எத்தனை, மொத்தம் எத்தனை பெட்டி எண்டு ரெண்டு பேரும் எண்ணிக் கையெழுத்துப் போடுங்கோ. திருப்பிக் குடுக்கிறதும் அடுத்தநாள் காலமை, வெளிச்சத்தில. ராத்திரி 11 மணிக்கு லொறிக்குப் பக்கத்தில நிண்டு எண்ணினால் எண்ணிக்கை ஒருக்காலும் சரிவராது. ஒவ்வொரு கலியாணத்திலயும் இதாலதான் சண்டை வாறது.

350 பேருக்கு 385 எடுங்கோ. பத்துக்கு ஒண்டு கூட. உடையிறதை விட, ஒருத்தர் வைச்ச இடத்தை மறந்திட்டு இன்னொண்டு எடுக்கிறதுதான் கூட.


லாசப்பல்காரன்:

பிள்ளை, நான் 22 வருசம் பரிசில ஒரு றெஸ்ரோறன்ற்றில நிண்டனான். முதல் ஒம்பது வருசம் புளோன்ஸ், அதுதான் பாத்திரம் கழுவுற வேலை. பேந்து பாருக்கு எடுத்தவை. இப்ப ஊரோட வந்திட்டன், குருநகரில இருக்கிறன். கிளாஸ் எண்டால் நான் கதைக்கலாம். கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

அந்த 40 ரூபா வைன் கிளாஸை எடுங்கோ. யோசிக்கவே வேண்டாம்.

ஷாம்பெயினுக்கு நீட்டுக் கிளாஸ்தான் எண்டு எல்லாரும் நினைக்கினம். அது குமிழி நேரா மேல போறதைப் பாக்க வடிவு, காஸும் கெதியில போகாது, அது உண்மை. ஆனால் ஒடுக்கமான வாயில மூக்குப் போகாது, மணம் தெரியாது. ஷாம்பெயின் செய்யிற ஆக்களே இப்ப கனபேர் நடு அகண்டு வாய் ஒடுங்கின கிளாஸிலயும் சின்ன வெள்ளை வைன் கிளாஸிலயும்தான் குடிக்கினம். பிரான்ஸ்காரர் உங்கட மேசையில வைன் கிளாஸைக் கண்டு முகம் சுழிப்பினம் எண்டு பயப்பிடாதேங்கோ.

அதைவிடப் பெரிய விசயம் ஒண்டு. நீட்டுக் கிளாஸ் ரோஸ்ற்றோட சரி. பத்து நிமிசம் கழிய அது மேசையில இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், கை பட்டால் விழும், அதுக்குள்ள தண்ணி குடிக்கவும் ஏலாது. வைன் கிளாஸ் எண்டால் ரோஸ்ற் முடிய அதே கிளாஸில தண்ணி, சோடா, சாப்பாட்டுக்குப் பேந்து இன்னொருக்கா நெல்லிரசம் எண்டு இரவு முழுக்க ஓடும். தண்ணிக்கெண்டு வேற கிளாஸ் வாடகைக்கு எடுக்கிற காசு மிச்சம். 385 கிளாஸ் 40 ரூபாப்படி 15,400. நீட்டுக் கிளாஸ் எண்டால் 26,950, அதோட தண்ணிக் கிளாஸும் வேற.

அம்மா ஆசைப்படுற வாய் அகண்ட கிளாஸை இங்கத்தை வெக்கைக்கு நான் சொல்லமாட்டன். தட்டு மாதிரி விரிஞ்சு கிடக்கிறதால காஸ் உடன போயிடும், கெதியில சூடாகும். 350 பேர் நெருக்கி எழும்பி நிக்கேக்க ஆளுக்காள் முழங்கை பட்டு சீலையில ஊத்துப்படும்.

இனி அந்த வெள்ளைப் புகார். நீங்கள் கண்டு பிடிச்சது நல்லது, எனக்கு அதை வாசிக்கவே சந்தோசம். அது ஊத்தை இல்லை, சுண்ணாம்பு. எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லு, கிணத்துத் தண்ணி அதுக்குள்ளாலதான் வருது. அந்தத் தண்ணியில கழுவிக் காயவிட்டால் தண்ணி போயிடும், சுண்ணாம்பு கிளாஸிலயே நிண்டிடும். பரிசிலயும் சுண்ணாம்புத் தண்ணிதான். அங்க கழுவுற மெசினுக்குள்ளயே தண்ணியில இருக்கிற சுண்ணாம்பைக் குறைக்கிற பகுதி இருக்கு, அதுக்கு நாங்கள் கல்லுப்புப் போட்டுக்கொண்டே இருக்கவேணும். உப்பு முடிஞ்ச அண்டைக்கு எல்லாக் கிளாஸும் உங்கட மாதிரிக் கிளாஸ் போலத்தான் வரும். ஷாம்பெயின் செய்யிற முந்திரிகை (திராட்சை) வளர்ற நிலமும் வெள்ளைச் சுண்ணாம்பு. றெய்ம்ஸ் பக்கம் ஒருக்கா முதலாளியோட போகேக்க வெட்டின மண்ணைப் பாத்தன். எனக்கு அந்த நேரம் வலிகாமத்து முந்திரிகைப் பந்தலுகள்தான் ஞாபகம் வந்தது. மேல எங்கட மண் சிவப்பு, கீழ போனால் ரெண்டு இடமும் சுண்ணாம்பு.

இப்பிடிச் செய்யுங்கோ. கிளாஸை ரெண்டு நாளைக்கு முந்தி எடுங்கோ, ஒருநாள் வாடகை கூடக் கேட்டாலும் குடுங்கோ. முதல் வாளியில இளஞ்சூட்டுத் தண்ணி, அதுக்குள்ள சவுக்காரத் தண்ணி ஒரு சொட்டு. ரெண்டாம் வாளியில வெறுந்தண்ணியில நல்லா அலசுங்கோ. மூண்டாம் வாளியில சூடான தண்ணிக்கு ரெண்டு கோப்பை வினாகிரி. அந்தப் புகார் அதில கரையும், மணம் பேந்து போயிடும். கடைசியா, வடிகட்டின குடிதண்ணி கானில விக்கிறாங்களல்லோ, அதில ஒருக்கா முக்கி எடுங்கோ. 385 கிளாஸுக்கு 20 லீற்றர்க் கான் மூண்டு காணும். முக்கி எடுத்தவுடன துடைக்கவேணும், தன்பாட்டில காய விடக்கூடாது.

துடைக்கிறதுக்கு அப்பாவின்ர பழைய பருத்தி வேட்டிதான் சிறப்பு. புதுத்துவாய் வேண்டாம், பூ உதிரும். வேட்டி தோய்க்கேக்க உடுப்பை மென்மையாக்க விடுற அந்த மணக்கிற கொம்போட் தண்ணி போடாதேங்கோ. அதின்ர எண்ணெய்த்தன்மை கிளாஸில ஒட்டும், சவுக்காரம் மிஞ்சினாலும் அப்பிடித்தான். ஊத்தினவுடன நுரை செத்துப்போகும். துணியில மெல்லிய நார் கொஞ்சம் ஒட்டும், அதுக்குப் பயப்பிடவேண்டாம். றெய்ம்ஸ் பல்கலைக்கழகத்து ஜெறார் லிஷே-பெலேர் எண்ட பௌதிகவியல் பேராசிரியர் இந்தக் குமிழியைத்தான் கனகாலமா ஆராயிறார். கிளாஸில ஒட்டின தூசி நாருகளுக்குள்ள அடைபட்ட காத்தில இருந்துதான் குமிழி தொடங்குது எண்டு படம் எடுத்துக் காட்டினவர். சுத்தமான வேட்டி குமிழிக்கு நல்லது, சவுக்காரம் கூடாது. இவ்வளவுதான்.

துடைச்ச கிளாஸைத் திருப்பி அந்த மட்டைப்பெட்டிக்குள்ள கவிட்டு வைக்காதேங்கோ. மட்டை மணம் உள்ளுக்குத் தங்கும். மேசையில சீலை விரிச்சு நிமிர்த்தி வைச்சு, மேல இன்னொரு வெள்ளைச் சீலையால மூடுங்கோ.

அளவு. ஒரு போத்தல் 750 மில்லி. கடையில ஊத்துற மாதிரி 125 மில்லி ஊத்தினால் ஆறு பேருக்கு. ரோஸ்ற்றுக்கு 100 மில்லி தாராளம், ஏழு பேருக்கு வரும். 140 பேருக்கு 20 போத்தல். அவை கொண்டுவாற ஆறும் 42 பேருக்குக் காணும். மணவறை மேசைக்கும் ரெண்டு பகுதிப் பெரியாக்களுக்கும் அதைக் குடுங்கோ. மிச்சம் 14 போத்தல் ஸ்பார்க்ளிங் வைன். ஷாம்பெயின் எண்ட பேர் பிரான்ஸில அந்தப் பகுதியில செய்யிறதுக்குத்தான். ஸ்பெயினின்ர காவாவும் இத்தாலியின்ர புறொசெக்கோவும் ரோஸ்ற்றுக்கு மோசமில்லை. போயா நாளில, அதுதான் பறுவத்தில (பௌர்ணமி), இங்க எங்கயும் வாங்கேலாது, கலண்டரைப் பாத்து முதலே எடுத்து வையுங்கோ.

ஊத்துறது: தட்டத்தில 12 கிளாஸ் வைச்சுப் பெடியள் சனத்துக்குள்ளால நடக்கிறது வேண்டாம். உடையிற கிளாஸில முக்கால்வாசி அப்பிடித்தான் உடையிறது. கிளாஸை முதலே மேசையில வைச்சிடுங்கோ. ஏழு சோடிப் பெடியள், ஒரு சோடிக்கு அஞ்சு மேசை. ஒருத்தன்ர கையில போத்தல், மற்றவன்ர கையில குடிக்காத ஆக்களுக்கு நெல்லிரச யாடி. நுரை அடங்க விட்டு ஊத்தினால் ஒரு மேசைக்கு ரெண்டு நிமிசம், அஞ்சு மேசைக்குப் பத்து. கேக்குக்குக் கத்தியை எடுக்கேக்க இவங்கள் தொடங்கவேணும். கிளாஸைச் சரிச்சுப் பிடிச்சு ஓரத்தால ஊத்தச் சொல்லுங்கோ, காஸ் மிச்சம். போத்தலை ஐஸும் தண்ணியும் கலந்த வாளியில அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் வையுங்கோ, தனி ஐஸில குளிர் ஏற நேரம் எடுக்கும். போத்தலுக்குள்ள கார் ரயரை விட ரெண்டு மூண்டு மடங்கு அமுக்கம் கிடக்கு. வெக்கையில கிடந்த போத்தலைத் திறந்தால் தக்கை கண்ணைத்தான் தேடும். துவாயால தக்கையைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு போத்தலைத் திருப்புங்கோ, தக்கையைத் திருப்பாதேங்கோ.

கடைசியாக் கேட்டது, குடிக்காத ஆக்களுக்கு என்ன எண்டு. தோலகட்டி ஆச்சிரமத்தில செய்யிற நெல்லிரசத்தை சோடாவில கலந்து, குளிர வைச்சு, இதே கிளாஸில குடுங்கோ. இதே கிளாஸில.

ஏன் ரெண்டு தரம் எழுதுறன் எண்டால், என்ர தங்கச்சியின்ர கலியாணத்தில நான் பரிசில இருந்து வந்து நிண்டு எல்லாம் பாத்தனான். கிளாஸ் 100 தான் கிடைச்சது. வெளிநாட்டால வந்த ஆக்களுக்கும் குடிக்கிற ஆக்களுக்கும் கிளாஸ், மற்ற ஆக்களுக்குக் கடதாசிக் கப் எண்டு முடிவெடுத்தது நான்தான். எழும்பி நிக்கச் சொல்லேக்க அம்மாவும் எழும்பினவ. எல்லாரும் கிளாஸைத் தூக்க, அம்மா அந்தக் கடதாசிக் கப்பை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நெஞ்சு மட்டத்தோட நிண்டவ, மேல தூக்கேல்லை. வீடியோவில அது கிடக்கு. அம்மா இப்ப இல்லை. அந்த இடம் வரேக்க நான் இண்டைக்கும் எழும்பிப் போயிடுவன்.


பாசையூர் மகள்:

அண்ணை, வாசிச்சுப்போட்டு அம்மாவையும் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினன். அம்மம்மாவும் கேட்டுக்கொண்டு இருந்தவ. நெல்லிரசத்தையே எல்லாருக்கும் குடுங்கோவன் எண்டு சொன்னா.

ஒரு பிரச்சினை மிச்சம். மாப்பிள்ளையின்ர அக்கா கிளாஸுகளை அடுக்கிக் கோபுரம் மாதிரிக் கட்டி மேல இருந்து ஊத்தவேணும் எண்டு படம் அனுப்பியிருக்கிறா. அதுக்கு அந்த வாய் அகண்ட கிளாஸ்தான் வேணுமாம். மறுக்கவும் மனமில்லை.


லாசப்பல்காரன்:

அது வடிவான விசயம்தான் பிள்ளை, மறுக்காதேங்கோ, ஆனால் கணக்கைச் சொல்லுங்கோ. நாலு தட்டு எண்டால் அடியில 16, பிறகு 9, 4, 1. மொத்தம் 30 கிளாஸ். அஞ்சு தட்டு எண்டால் 55. கோபுரத்தில மேல் கிளாஸ் நிரம்பி வழிஞ்சால்தான் கீழ போகும், எல்லாம் விளிம்பு மட்டும் நிரம்பவேணும். 160 மில்லிக் கிளாஸ் 30 நிரம்ப ஆறு போத்தலுக்கு மேல போகும். அவை ஆசையாக் கொண்டுவாற ஷாம்பெயின் முழுக்க அதுக்குள்ள போய், குடிக்கேக்க சூடாகி, காஸும் இல்லாமல் இருக்கும். நீட்டுக் கிளாஸிலயோ வைன் கிளாஸிலயோ கோபுரம் கட்டேலாது, நிக்காது.

ஆசைக்கு மூண்டு தட்டு கட்டுங்கோ. 9, 4, 1. 14 கிளாஸ்தான். வாடகைக்குக் கிடைக்காட்டி 14 வாங்கினாலும் பெரிய காசில்லை, அம்மா ஆசைப்பட்ட கிளாஸ் வீட்டில நிக்கும். அதுக்குள்ள ஸ்பார்க்ளிங் வைன் மூண்டு போத்தல் ஊத்தினால் காணும், அப்ப 14 போத்தலை 17 ஆக்குங்கோ. ஆடாத மேசை, சுவரோட ஒட்டி, மேல ஃபான் இல்லாத இடம். ஒரே மாதிரிக் கிளாஸ் எல்லாம், ஒண்டோட ஒண்டு விளிம்பு முட்டி நிக்கவேணும், இடையில வாற வெளி சின்ன டைமன் மாதிரித் தெரிஞ்சால் சரி. சின்னப்பிள்ளையளுக்குக் கிட்ட ஒரு பெரியாளை நிப்பாட்டுங்கோ.


கந்தர்மடம் சாமான்காரர்:

கோபுரத்துக்கு அடியில ஓரம் உயர்ந்த பெரிய தட்டம் ஒண்டு வையுங்கோ. இல்லாட்டி மண்டபத்து மேசைச் சீலைக்கும் காசு கேப்பாங்கள். தட்டம் என்னட்டக் கிடக்கு, வாடகை வேண்டாம்.


பாசையூர் மகள்:

ரெண்டு அண்ணைமாருக்கும் ஸ்காபறோ மாமிக்கும் நன்றி. இண்டைக்குக் காலமை கடைக்குப் போய் 385 வைன் கிளாஸுக்கு முற்பணம் கட்டிப்போட்டன். ஒருநாள் கூட வைச்சிருக்கிறதுக்கு 2,000 கேட்டவை, ஓம் எண்டிட்டன். அப்பா கொப்பியில 17,400 எண்டு எழுதினார், கீழ கோடு போட்டார், ஒண்டும் சொல்லேல்லை. வேட்டி மூண்டு எடுத்துத் தந்திட்டார். மாப்பிள்ளையின்ர அக்கா மூண்டு தட்டுக்குச் சம்மதம்.

தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் நீட்டுக் கிளாஸ் ரெண்டு வாங்கலாமோ, இல்லை அவைக்கும் இதே கிளாஸ்தானோ எண்டு மட்டும் யோசிக்கிறன்.


லாசப்பல்காரன்:

அவைக்கு ரெண்டு நீட்டுக் கிளாஸ் வாங்குங்கோ. வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு ஞாபகம். மற்ற 350 பேருக்கும் ஒரே கிளாஸ்.

கழுவுற அண்டைக்கு அறிவியுங்கோ பிள்ளை. குருநகரில இருந்து பாசையூருக்கு சைக்கிள்ள பத்து நிமிசம். மூண்டாம் வாளியில நான் நிக்கிறன்.